ஊர் சரிந்தால் செலவு யாருடையது?

கோத்தகிரிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சென்னையில் வெள்ளம் வந்தால் ஆயிரக்கணக்கான கோடி என்று பேசுகிறார்கள். வெள்ளத்தில் சீரழிந்த ஒரு நகரத்தைத் திரும்பக் கட்டும் செலவை யார் ஏற்க வேண்டும்? மலைமேல் இருக்கும் என் வரிப்பணம் எதற்கு அங்கே போக வேண்டும்? எங்கள் வீட்டுப் பக்கம் மண் சரிந்தபோது வந்த தொகையில் ஒரு தடுப்புச்சுவரைக்கூட எழுப்ப முடியவில்லை." இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இன்றைய ஏற்பாட்டில் யார் தருகிறார்கள்? நியாயப்படி யார் தர வேண்டும்? நம் முறை வரும்போது நமக்கு யாராவது தருவார்களா? மூன்றாவது கேள்விதான் உங்களை எழுத வைத்தது என்று நினைக்கிறேன். அதனால் சென்னையில் தொடங்கினாலும் நம் மலைக்கே வந்து சேர்கிறேன்.

நான் சிவில் இன்ஜினியரிங் படித்தவன். குன்னூரில் இருந்துகொண்டு பல வருடங்களாகக் காப்பீட்டுச் சர்வேயராக வேலை செய்கிறேன். நிலம் அளக்கும் சர்வேயர் இல்லை. வீடு, கடை, தேயிலை ஃபேக்டரி சேதமானால் நேரில் போய்ப் பார்த்து, இழப்பு எவ்வளவு, பாலிசிப்படி எவ்வளவு தரலாம் என்று அறிக்கை எழுதுகிறவன். சட்ட நுணுக்கத்துக்கு வழக்கறிஞரையும் பாறை விவகாரத்துக்கு நிலவியல் தெரிந்தவரையும் கேளுங்கள். பணம் எங்கிருந்து கிளம்புகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சந்தேகமில்லாத பகுதியை முதலில் முடித்துவிடுகிறேன். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாநிலத்துக்கு ஒரு பேரிடர் நிதி, மத்தியில் ஒரு தேசியப் பேரிடர் நிதி என்று இரண்டு பெட்டிகள் உண்டு. மாநிலப் பெட்டியில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 சதவீதமும் மாநில அரசு 25 சதவீதமும் போடுகின்றன. அது போதாமல் போனால் தேசியப் பெட்டியைக் கேட்கலாம். அது முழுக்க மத்திய அரசின் பணம். 15-ஆவது நிதிக்குழு 2021-26 ஆண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதிக்கென்று 1,60,153 கோடி ரூபாயைக் கணக்கிட்டது. அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தடுப்பு வேலைகளுக்கு ஒதுக்கியது, மறுகட்டமைப்புக்கும் தனியாக ஒரு பகுதி காட்டியது. காகிதத்தில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

ஆனால் அந்தப் பணம் எந்த வகைப் பணம் என்பது முக்கியம். மாநிலங்கள் கேட்கும் ஒவ்வொரு முறையும் மத்திய அரசு சொல்லும் பதில் ஒன்று உண்டு: இது நிவாரணம், இழப்பீடு இல்லை. அதாவது, விழுந்ததைத் திரும்பக் கட்டித் தருவதாக யாரும் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. 2022-26 விதிமுறைகளின்படி முழுவதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1.20 லட்சம், மலைப்பகுதியில் 1.30 லட்சம். ஓரளவு சேதமான கான்கிரீட் வீட்டுக்கு 6,500 ரூபாய், அதுவும் சேதம் குறைந்தது 15 சதவீதம் இருந்தால். மண்சரிவில் நிலத்தையே இழந்த சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000. தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500, அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர். மாநில அரசு தன் கையிலிருந்து கூட்டித் தரலாம், சில நேரம் தந்தும் இருக்கிறது. அடிப்படை இதுதான்.

இந்த எண்களை எடுத்துக்கொண்டு ஒரு சரிவுக்குப் போய்ப் பாருங்கள். பத்தடி உயரத்தில் நாற்பதடி நீளத்துக்குக் கருங்கல் தடுப்புச்சுவர் எழுப்ப, மேட்டுப்பாளையத்திலிருந்து சிமென்டும் எங்கிருந்தோ கல்லும் ஏற்றி, லாரி போகாத பாதையில் தலைச்சுமையாக இறக்கினால், முழு வீட்டுக்குக் கிடைக்கும் 1.30 லட்சம் பாதிச் சுவருக்கு வந்தால் அதிகம். பணம் குறைவு என்பதைவிட அளவுகோலே நம் இடத்துக்குப் பொருந்தவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. அந்த விதிமுறை கட்டடத்தைப் பார்க்கிறது. மலையில் சேதமாவது கட்டடத்துக்குக் கீழே இருக்கும் மண். நான் பார்த்த வீடுகளில் பல அப்படியே நிற்கும்: ஓடு உடையாது, ஜன்னல் கண்ணாடியில்கூட விரிசல் இருக்காது. வாசல்படியிலிருந்து நாலடி தூரத்தில் நிலம் இருக்காது. அந்த வீட்டில் அடுத்த மழைக்கு யாரும் படுத்துறங்க முடியாது. ஆனால் படிவத்தில் அது "பகுதி சேதம்", சில நேரம் அதுவும் இல்லை. வி.ஏ.ஓ.வையும் ஆர்.ஐ.யையும் (கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர்) குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் கையில் இருக்கும் படிவத்தில் மண்ணுக்குக் கட்டம் கிடையாது. உங்களுக்கு நடந்ததும் இதுவாக இருக்கலாம்.

இமயமலை மாநிலங்களுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் பேரிடர் நிதியில் மத்தியப் பங்கு 90 சதவீதம். சரிவு, மழை, சாலை வசதி எல்லாவற்றிலும் நம் நிலைமை அவர்களுக்கு நெருக்கமானது. நாம் ஒரு சமவெளி மாநிலத்துக்குள் இருக்கும் மலை மாவட்டம் என்பதால் 75-க்குள் அடங்கிவிடுகிறோம். நிலச்சரிவுத் தடுப்புக்கென்று 2024 நவம்பரில் மத்திய அரசு பல மாநிலங்களுக்கு ஒப்புதல் தந்தபோது தமிழ்நாட்டுக்கு வந்தது 72 கோடி. நீலகிரி, பழனி மலை, ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலை என்று எல்லாச் சரிவுகளும் அந்தத் தொகைக்குள் வரிசையில் நிற்க வேண்டும்.

இப்போது சென்னை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தென்மாவட்ட வெள்ளமும் அடுத்தடுத்து வந்தபோது மாநில அரசு இரண்டுக்கும் சேர்த்து 37,907 கோடி கேட்டது. அடுத்த ஏப்ரலில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது சுமார் 276 கோடி. கேட்டது அதிகமா, கொடுத்தது குறைவா என்று அரசியல்வாதிகள் வாதாடட்டும். இரண்டுக்கும் இடையில் இருக்கும் அந்தப் பெரிய பள்ளத்தை யார் நிரப்பினார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்குத் தேவை. ஒரு பகுதியை மாநில அரசு. சென்னைப் பக்கம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது நினைவிருக்கும். மீதியை நனைந்த வீட்டுக்காரர்களே நிரப்பினார்கள்: நகையை அடகு வைத்து, சேமிப்பை உடைத்து, கடன் வாங்கி. பல வருடம் இழப்புக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த நாட்டில் வெள்ளத்துக்குப் பின் திரும்பக் கட்டும் செலவில் பெரும் பகுதி பாதிக்கப்பட்டவர் பையிலிருந்தே வருகிறது. எனவே உங்கள் வரிப்பணம் சென்னையைத் தூக்கி நிறுத்திவிடவில்லை. வேளச்சேரிக்காரரும் நீங்களும் ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

அப்புறம், உங்கள் பணம் ஏன் அங்கே போக வேண்டும் என்பதற்கும் நேராகவே பதில் சொல்கிறேன். போக வேண்டும். உயிர் காக்கவும், சோறு போடவும், குடிநீரும் மின்சாரமும் திரும்ப வரவும் ஆகும் செலவு எல்லோருடையது. அதில் யார் தப்பு என்று கேட்கவே கூடாது. அதே கணக்கில் அவர்கள் பணமும் இங்கே வர வேண்டும். அவர்கள் தருவதற்கு நம்மிடம் கூடுதல் நியாயமும் இருக்கிறது. 1932-லிருந்து பைக்காரா தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறோம், அப்புறம் குந்தாத் திட்டம் வந்தது. பில்லூர் தண்ணீரைக் கோவை குடிக்கிறது. பழனி மலையில் பிறக்கும் ஓடைகளை நம்பித் திண்டுக்கல், தேனிப் பக்கம் எத்தனையோ ஏக்கர் இருக்கிறது. இந்தச் சரிவும் சோலையும் பிடித்து வைக்கும் தண்ணீரால் பிழைக்கும் ஊர்கள், சரிவு விழும்போது அதைத் தாங்கவும் பங்கு தர வேண்டும். மின்கட்டணத்திலும் குடிநீர்க் கட்டணத்திலும் யூனிட்டுக்குச் சில பைசா வைத்தாலே நிரந்தரமாக ஒரு நிதி ஓடும். இது பிச்சை கேட்பது ஆகாது, தண்ணீருக்கான பராமரிப்புச் செலவு.

நிவாரணத்தைத் தாண்டி, திரும்பக் கட்டும் செலவு என்று வரும்போது என் கருத்து மாறுகிறது. அங்கே யார் தப்பு என்று கேட்டே ஆக வேண்டும். கட்ட அனுமதி தந்தவரும், அந்த அனுமதியால் சம்பாதித்தவரும் செலவில் பங்கு ஏற்க வேண்டும். இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்.

ஏன் என்று உலகம் அறிந்த உதாரணத்தில் பார்க்கலாம். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் ஏறத்தாழ 80 சதவீதம் மூழ்கியது. மழையைவிட அதற்குப் பெரிய காரணம் நகரைக் காத்த வெள்ளத்தடுப்புச் சுவர்களும் கரைகளும் உடைந்தது. அவற்றை வடிவமைத்துக் கட்டியது மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் படை. மக்கள் வழக்குப் போட்டார்கள். வெள்ளத் தடுப்பு வேலைகளில் அரசுமீது நஷ்டஈடு கேட்க முடியாது என்று 1928-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்வதால், கரை உடைந்ததற்கான வழக்கு நிற்கவில்லை. கட்டியவர் சட்டப்படி கைகழுவினார், திரும்பக் கட்டும் பணம் பொது வரியிலிருந்து வந்தது. இன்னொரு பக்கம், 1968 முதல் அங்கே மத்திய அரசே வெள்ளக் காப்பீடு நடத்துகிறது. பிரீமியம் பல இடங்களில் உண்மையான ஆபத்தைவிடக் குறைவு. ஒரே வீடு திரும்பத் திரும்ப மூழ்கும், திரும்பத் திரும்பப் பணம் வாங்கும். கடன் ஏறிப்போய் 2017-ல் 1,600 கோடி டாலரை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. ஆபத்தை உண்டாக்கியவரும் பணம் தரவில்லை, ஆபத்தான இடத்தில் கட்ட இடம் கொடுத்தவரும் தரவில்லை.

நம் ஊர்க் கதை இதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. 2015 சென்னை வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சொன்னது. ஆனாலும் அந்தக் கணக்கில் எந்த அலுவலகமும் பணம் கட்டவில்லை. நீலகிரியில் 1990-லிருந்து மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது, 1993-லிருந்து மலைநகரங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன. கொடைக்கானலில் விதி மீறிய வணிகக் கட்டடங்களை நூற்றுக்கணக்கில் பூட்டி சீல் வைக்க உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. அத்தனை கட்டடமும் ஒரே இரவில் முளைத்ததில்லை. வரைபடம் வந்தது, கட்டணம் வாங்கினார்கள், சொத்து வரி போட்டார்கள், மின் இணைப்பும் தந்தார்கள். வருமானம் உள்ளூரில் சேர்ந்தது. சரிவு விழுந்தால் செலவு மாநிலத்துக்கும் மத்திக்கும் போகிறது. இப்படி இருக்கும்வரை "இங்கே கட்டாதே" என்று சொல்வதால் எந்த உள்ளாட்சிக்கும் எந்த லாபமும் இல்லை.

மலையில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. சமவெளியில் நீர்வழியை மறித்துக் கட்டுகிறவர் வீட்டுக்குள்ளும் பெரும்பாலும் தண்ணீர் வரும். மலையில் மேல்மனைக்காரர் வெட்டுவார், கீழ்வீட்டுக்காரர் புதைவார். காட்டேஜ் கட்ட மேலே ஜேசிபி வைத்து மண்ணை வெட்டித் தள்ளுகிறார்கள். ஓடையை ஒரு சிமென்ட் குழாய்க்குள் அடைத்துவிடுகிறார்கள். தடுப்புச்சுவர் கட்டுகிறார்கள், பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வடிதுளை விடுவதில்லை, விட்டாலும் பின்னால் ஜல்லி போடுவதில்லை. இரண்டு மூன்று நாள் தொடர் மழையில் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி எடை ஏறுகிறது. சுவர் வயிறு தள்ளுகிறது, பிறகு மொத்தமாகக் கீழே வருகிறது. கீழே இருப்பது பெரும்பாலும் யார் வீடு? லயன் வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, அல்லது ஓடைப் புறம்போக்கில் வேறு போக்கில்லாமல் போட்ட இரண்டு அறை. பொறியியலில் இது சர்ச்சைக்குரிய விஷயமே இல்லை. ஆனால் கீழ்வீட்டுக்கு வரும் 1.30 லட்சம் பொதுப்பணத்திலிருந்து போகிறது, மேல்மனைக்காரருக்கு நோட்டீஸ்கூடப் போவதில்லை.

அதனால் நான் கேட்பது இது. மலைப்பகுதியில் வணிகக் கட்டடத்துக்கு அனுமதி தரும்போதே சரிவுக்கென்று ஒரு பிணைத்தொகை வாங்கட்டும். பத்து வருடம் தடுப்புச்சுவரும் வடிகாலும் ஒழுங்காக நின்றால் வட்டியோடு திருப்பித் தரட்டும், விழுந்தால் கீழே இருப்பவருக்குப் போகட்டும். உள்ளாட்சி வாங்கும் கட்டட அனுமதிக் கட்டணத்தில் ஒரு பங்கு மாவட்டச் சரிவு நிதிக்குப் போகட்டும். விதிமீறலை அபராதம் வாங்கிக்கொண்டு ஒழுங்குபடுத்தினால் அந்த அபராதம் முழுவதும் அங்கேயே சேரட்டும். சுற்றுலாவும் பங்கு தரட்டும். 2025 கோடைக்கு நீதிமன்றம் வைத்த வரம்பே ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இந்த வண்டிகளுக்காகத்தான் சாலையை அகலப்படுத்துகிறோம், அகலப்படுத்தத்தான் சரிவின் அடியை வெட்டுகிறோம். சோதனைச்சாவடியில் வாங்கும் பசுமை வரி போன்ற வசூல் இதற்கென்று தனிக்கணக்கில் சேர்ந்து, வருடா வருடம் செலவுக் கணக்கை ஊர் பார்க்கும்படி ஒட்ட வேண்டும்.

"தப்பு செய்தவர் தரட்டும்" என்பதை அப்படியே எல்லோர்மீதும் போட்டால் பெரிய அநியாயம் நடக்கும். தெரிந்தே ஆபத்தான இடத்தில் கட்டியவர் வேறு, வேறு இடம் கிடைக்காமல் அங்கே தள்ளப்பட்டவர் வேறு. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களை டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களில் குடியமர்த்தியது அரசு. எந்தச் சரிவில் லயன் வரும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் 1969-ஆம் ஆண்டு ஜென்மம் (ஜமீன் போன்ற பழைய நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தில் செக்‌ஷன் 17 நிலம் என்று சொல்லப்படும் இடங்களில் தலைமுறைகளாக இருப்பவர்களுக்கு இன்னும் பட்டா இல்லை. பட்டா இல்லையென்றால் வங்கிக் கடன் இல்லை, நல்ல அஸ்திவாரம் போட மனசும் வராது, இடிந்தால் உரிமை கேட்கவும் காகிதம் இல்லை. இவர்களைப் பார்த்து "நீயே இங்கே கட்டினாய்" என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது.

நியூ ஆர்லியன்ஸில் இதையும் தப்பாகச் செய்து பார்த்துவிட்டார்கள். வீடுகளைத் திரும்பக் கட்ட லூசியானா மாநிலம் நடத்திய திட்டத்தில், புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்து உதவித்தொகை கணக்கிட்டார்கள். ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம், ஒரே செலவு. ஆனால் கறுப்பின மக்கள் இருந்த பகுதியில் மனை மதிப்பு குறைவு என்பதால் அவர்களுக்குக் குறைவான பணம். வழக்கு நடந்து 2011-ல் சமரசத்தில் முடிந்தது, அதற்குள் பலர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். இங்கேயும் யாராவது "வழிகாட்டி மதிப்புப்படி தருகிறோம்" என்று தொடங்கினால் லயன் வீட்டுக்கும் பட்டா இல்லாத வீட்டுக்கும் பூஜ்யம் வரும். கணக்கு எப்போதும் திரும்பக் கட்ட ஆகும் செலவிலிருந்து தொடங்க வேண்டும், குடியிருந்ததற்கு ரேஷன் கார்டும் மின் ரசீதும் போதுமான சான்றாக இருக்க வேண்டும்.

பக்கத்து வயநாட்டைப் பாருங்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலையில் நிலச்சரிவில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீட்டெடுக்க 2,200 கோடிக்கு மேல் வேண்டும் என்று மதிப்பிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் மத்திய அரசு 529.50 கோடி அனுமதித்தது, அது கடன். வட்டி இல்லை, 50 வருடத்தில் கட்டலாம், ஆனாலும் கடன். மண்ணுக்குள் போன வீட்டின்மேல் இருந்த வங்கிக் கடனைத் தள்ளுபடி செய்வது பற்றிக் கேரள உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, பேரிடர்ச் சட்டத்தில் கடன் நிவாரணம் பற்றிப் பேசிய 13-ஆவது பிரிவு 2025 திருத்தத்தில் நீக்கப்பட்டது. இல்லாத வீட்டுக்குத் தவணை கட்டச் சொல்வதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது என்று நான் நினைக்கிறேன்.

என் தொழிலுக்கு வருகிறேன். காப்பீடு இருந்தால் பிரச்சினை தீருமா? கொஞ்சம். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி தருகின்றன. வெள்ளம், நிலச்சரிவு, நிலம் தாழ்தல் எல்லாம் அதில் உண்டு. தடுப்புச்சுவரும் வீட்டின் பகுதியாகவே வரும். வீட்டைக் குறைத்து மதிப்பிட்டிருந்தால் இழப்பிலும் விகிதப்படி வெட்டும் பழைய வழக்கமும் இதில் இல்லை. ஆனால் விலக்குகளைப் படியுங்கள். புதுக் கட்டடம் இயல்பாக அமர்வது, நிரப்பிய மண் நகர்வது, வடிவமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை, தோண்டும் வேலை. இவற்றால் நிலம் இறங்கியோ சரிந்தோ வரும் சேதத்துக்குப் பணம் இல்லை. மலையில் ஒரு மனை எப்படி உருவாகிறது? பின்பக்கம் வெட்டி, அந்த மண்ணை முன்பக்கம் கொட்டிச் சமப்படுத்துகிறோம். வீட்டில் பாதி வெட்டிய கெட்டி நிலத்தில், பாதி கொட்டிய மண்ணில். மழைக்குப் பிறகு நான் போய்ப் பார்க்கும்போது விரிசல் பெரும்பாலும் அந்த இரண்டும் சேரும் கோட்டில்தான் ஓடும்: ஹால் தரையில் தொடங்கி, சுவரில் ஏறி, லிண்டல் மூலையைத் தொட்டு நிற்கும். விரிசலில் விரல் நுழையும். அதைப் பார்த்துக்கொண்டு "நிரப்பிய மண் நகர்ந்திருக்கிறது" என்று எழுத வேண்டிய கை என்னுடையது. பாலிசி வாசகம் அப்படி. அதை எழுதும்போதெல்லாம், இந்த வாசகம் மலைக்காக எழுதப்படவில்லை என்றே தோன்றும். அதோடு வீட்டுக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. தன் வீட்டைத் தானே காத்துக்கொள்ள முன்வருகிறவரிடம் வரி வாங்குவதை முதலில் நிறுத்த வேண்டும்.

வேறு நாடுகளில் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். நியூசிலாந்தில் வீட்டுப் பாலிசி எடுக்கும் ஒவ்வொருவரும் கூடவே ஒரு சிறு கட்டணம் கட்டுகிறார்கள். அரசு ஆணையம் ஒன்று அதைச் சேர்த்துவைத்து நிலநடுக்கத்துக்கும் நிலச்சரிவுக்கும் பணம் தருகிறது. வீட்டோடு அதைச் சுற்றி எட்டு மீட்டருக்குள் உள்ள நிலத்துக்கும் தடுப்புச்சுவருக்கும் ஒரு வரம்புவரை தருகிறது என்பதுதான் நமக்குத் தேவையான அம்சம். பிரான்ஸில் 1982 முதல் எல்லாச் சொத்துக் காப்பீட்டின்மேலும் ஒரே விகிதத்தில் கூடுதல் தொகை வாங்குகிறார்கள். 2025-ல் அதை 12-லிருந்து 20 சதவீதமாக ஏற்றினார்கள். ஆற்றங்கரைக்காரரும் மேட்டில் இருப்பவரும் ஒரே விகிதம் கட்டுவது அங்கே கொள்கை.

சந்தேகம் உள்ள இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மழை ஒரு அளவைத் தாண்டினால் யாரும் வந்து பார்க்காமலே பணம் வரும் காப்பீடு ஒன்று உண்டு, நாகாலாந்து மாநிலம் அதை எடுத்திருக்கிறது. பணம் சீக்கிரம் வரும். நம் மலைக்கு அது சரிப்படுமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் பதிவானது 820 மி.மீ. அந்த வாரத்துச் சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 911 மி.மீ., சென்னையின் ஓராண்டு மழையில் பாதிக்கும் மேல். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரியை அடிக்கும், தென்மேற்கு கூடலூர், அவலாஞ்சியை அடிக்கும். ஒரு முகட்டைத் தாண்டினால் மழை பாதியாகக் குறையும். மழைமானி ஒரு பக்கம், சரிவு மறுபக்கம் என்றால் செத்த இடத்துக்குப் பணம் வராது. அதேபோல் மேல்மனைக்காரர் பொறுப்பு என்று பொதுவாகச் சொல்வது எளிது, ஒரு குறிப்பிட்ட சரிவில் வெட்டு எவ்வளவு காரணம், மழை எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கஷ்டம். 820 மி.மீ. மழையில் தொடாத காடும் சரியும். பிணைத்தொகை முறையில் இந்தத் தகராறு கொஞ்சம் குறையும், முழுவதும் போகாது. அதே இடத்தில் திரும்பக் கட்டலாமா, ஊரையே மாற்ற வேண்டுமா என்பதில் நல்லவர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். மாற்றச் சொல்கிறவர் வேலைக்கும் பள்ளிக்கும் நடக்கும் தூரத்தில் இடம் காட்டிவிட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் நிபந்தனை.

கடைசியாக உங்கள் வீட்டு விஷயம். பாலிசி எடுப்பதானால் தடுப்புச்சுவரின் கட்டுமானச் செலவையும் சேர்த்து மதிப்புப் போடச் சொல்லுங்கள், சுவர், வடிதுளை, பின்புற வடிகால் மூன்றையும் மழைக்கு முன் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நிவாரண மனுவில் வீட்டுச் சேதத்தோடு, நிலம் போன அளவையும் தனியாக எழுதி, வி.ஏ.ஓ. வந்து பார்க்கும்போது அளந்து குறிக்கச் சொல்லுங்கள். மேல்மனையில் மண் வெட்டும் வேலை நடந்தால், அனுமதி உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் உள்ளாட்சியையும் ஆட்சியர் அலுவலகத்தையும் கேளுங்கள். மாவட்டத்தில் ஜேசிபி ஓட்ட அனுமதி வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். சரிவு விழுந்தபிறகு வழக்கறிஞரும் காப்பீட்டு நிறுவனமும் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்தத் தேதியைத்தான்.